மாடியில் சுக்கினி: எந்தப் பட்டம், எந்தத் தொட்டி, எந்த விதை?

சுக்கினியைத் தொட்டியில் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு விடை எளிது: முடியும். ஆனால் புதிதாக மாடித்தோட்டம் போடுகிறவர் தடுமாறுவது அதற்கடுத்த கேள்விகளில்தான். பையா வாளியா, செம்மண்ணா தென்னை நார்க்கழிவா, கலப்பின விதையா சாதாரண விதையா என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வழிகள் எதிரில் நிற்கின்றன; ஒவ்வொரு வழிக்கும் பரிந்துபேச ஆள் இருக்கிறார்கள். இவற்றுள் சில முடிவுகளை நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம். உரம் போதவில்லை என்றால் கூட்டலாம்; வெயில் தாங்கவில்லை என்றால் நிழல்வலை கட்டலாம். எந்த மாதத்தில் விதைத்தோம், எவ்வளவு கொள்ளளவுள்ள தொட்டியில் விதைத்தோம், எந்த விதையைப் போட்டோம் என்பவற்றை மட்டும் செடி முளைத்த பிறகு திருத்த முடியாது. ஆகவே இக்கட்டுரையில் அந்த மூன்றுக்கும் அதிக இடம் கொடுத்து, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை போன்ற கடலோரச் சமவெளி நகரத்து மொட்டைமாடியே இங்கு அடிப்படை. கோவைக்கும் மலைப்பகுதிக்கும் கணக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

சுக்கினியா, பீர்க்கா?

தொட்டியைத் தேடும் முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சுக்கினி பூசணிக் குடும்பத்துச் செடி. பரங்கிக்கு நெருங்கிய உறவு. சமையலில் அதன் இடத்தைப் பீர்க்கோ பிஞ்சுச் சுரையோ ஏறத்தாழ நிரப்பிவிடும். கூட்டுக்கும் பாசிப்பருப்புப் பொரியலுக்கும் மூன்றும் ஒன்றுபோலவே அமையும். எனவே சுவையைக் காரணமாக வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட, நம் மாடியின் அமைப்பையும் கையில் இருக்கும் மாதத்தையும் வைத்துத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.

பீர்க்கு, சுரை, பாகல் மூன்றும் கொடிகள். பத்து அடிக்கு மேல் படரும், பந்தல் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பந்தல் என்பது கம்பி, கயிறு, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி, துணி உலர்த்தும் இடம் பற்றிய பேச்சுவார்த்தை எல்லாம் சேர்ந்த ஒரு வேலை. சுக்கினியின் பெரும்பாலான வகைகள் புதர்போல ஒரே தண்டிலிருந்து இலைகளை விரித்து, ஏறத்தாழ மூன்று அடி விட்டத்துக்குள் அடங்கிவிடும்; பற்றிப் படர்வதில்லை. விதைத்த 45 முதல் 55 நாள்களில் முதல் காயும் கைக்கு வந்துவிடும். புதியவருக்கு இவ்விரண்டும் பெரிய சலுகைகள்.

எதிர்ப்பக்கத்தில், பீர்க்கும் பாகலும் சித்திரை வெயிலைத் தாங்கும், சுக்கினி தாங்காது. பந்தல் போட வசதியுள்ளவருக்கு, அதிலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில்தான் நேரம் ஒதுக்க முடியும் என்பவருக்கு, பீர்க்கையே சொல்வேன். பந்தலுக்கு வழியில்லை, மார்கழியில் தொடங்கலாம் என்பவர் தயங்காமல் சுக்கினிக்கு வரலாம்.

பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற முதுமொழி சுரைக்கும் பீர்க்குக்கும் பொருந்தும். சென்னை மாடியில் சுக்கினிக்கு அது பொருந்தாது. ஆடி மாதத்திலும் இங்கே பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடுவது வழக்கம். வெப்பம் மிகும்போது இந்தச் செடியில் ஆண் பூக்களே மிகுதியாகத் தோன்றுகின்றன, மகரந்தத்தின் வீரியம் குறைகிறது, தப்பித்தவறித் தோன்றும் பெண் மொட்டுகளும் மஞ்சளித்து உதிர்கின்றன. இலை செழித்து நிற்கும். காய் மட்டும் பிடிக்காது. உரக்குறை என்று எண்ணி எருவை அள்ளிப் போடுகிறவர்கள் பலர். அந்தச் செடிக்கு வேண்டியிருந்தது வேறு மாதம்.

சென்னைவாசிக்கு எதிரில் இருக்கும் வழிகள் மூன்று. ஐப்பசியில் விதைத்தால் செடி வளரும் காலம் முழுவதும் வடகிழக்குப் பருவமழையில் கழியும்; வேர் அழுகும், இலையில் அடிச்சாம்பல் நோய் பரவும், மழைநாளில் தேனீ வராது, பூவுக்குள் நீர் தேங்கி மகரந்தம் வீணாகும். மாசிக்குத் தள்ளிப்போட்டால் மழைத் தொல்லை இல்லை. ஆனால் முதல் காய் வரும்போது ஏப்ரல் வெயில் தொடங்கிவிடும், பறிக்கும் காலம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். மார்கழித் தொடக்கம், அதாவது டிசம்பர் நடுப்பகுதி, இவ்விரண்டுக்கும் நடுவில் அமைகிறது. ஜனவரி இறுதியில் பூ, பிப்ரவரி முழுவதும் மார்ச் நடுப்பகுதி வரையிலும் காய். அம்மாதங்களில் பகல் வெப்பம் 29 முதல் 33 பாகைக்குள் இருக்கும். செடிக்கு இதைவிட நல்ல காலம் சென்னையில் இல்லை.

மார்கழி விதைப்பில் ஓர் ஆபத்து உண்டு. டிசம்பர் கடைசியிலும் புயல் சின்னம் வந்து இரண்டு நாள் கொட்டக்கூடும். அதனால் நேரடி விதைப்பு, நாற்று ஆகிய இரண்டில் எது என்ற கேள்வி இங்கே எழுகிறது. பூசணிக் குடும்பத்துக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. அந்த அளவில் தொட்டியிலேயே நேராக விதைப்பதுதான் சிறந்தது. மழை ஐயம் இருந்தால் மட்டும் காகிதக் குவளையில் ஓர் அங்குல ஆழத்தில் ஒரு விதை வீதம் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, விதையிலைகளுக்கு மேல் இரண்டாம் உண்மை இலை விரிந்த உடனே, குவளையின் அடியைக் கிழித்து மண் கட்டியோடு தொட்டிக்குள் இறக்கிவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் குவளையில் வைத்தால் அந்த நாற்று பிறகு தேறுவது கடினம்.

கோவையில் கணக்கு தளர்வானது. தென்மேற்குப் பருவக்காற்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அங்கே பகல் வெப்பம் மட்டுப்பட்டிருப்பதால் ஆடியிலும் விதைக்கலாம். தவிர்க்க வேண்டியது மார்ச் முதல் மே வரைதான். ஒசூர் போன்ற மேட்டுநிலத்தில் கடும் மழைக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் முயலலாம். உதகையில் எல்லாம் தலைகீழ்: டிசம்பர், ஜனவரி உறைபனி இச்செடியை ஒரே இரவில் கருக்கிவிடும் என்பதால், சமவெளிக்காரர் நிறுத்தும் பங்குனியில்தான் அங்கே தொடங்க வேண்டும்.

தொட்டி

தொட்டிகளை அவற்றின் பொருளை வைத்து ஒப்பிடுவதே வழக்கம்: மண் தொட்டி மூச்சுவிடும், பிளாஸ்டிக் சூடாகும் என்பதுபோல. சுக்கினிக்குப் பொருளைவிடக் கொள்ளளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. முதிர்ந்த செடியின் ஒவ்வோர் இலையும் விரித்த உள்ளங்கையைவிடப் பெரிது. உள்ளே குழலாகவும் மேலே சிறு முள்மயிரோடும் இருக்கும் காம்புகள் அந்த இலைகளைத் தாங்கி நிற்கின்றன. பிப்ரவரி மாத மாடி வெயிலில் அப்படியொரு செடி நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் நீரை உறிஞ்சிவிடும். பலரும் எடுத்துக்கொள்ளும் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் விளிம்பு விட்டு நிரப்பினால் 17 அல்லது 18 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் செடி எளிதாக எடுக்கக்கூடிய நீர் நான்கு லிட்டர் அளவுக்கே நிற்கும். காலையில் நிறைய ஊற்றினாலும் மாலைக்குள் வறண்டுவிடும் என்பதே இதன் பொருள். இலை தினமும் துவண்டு நிமிர்வதோடு இது நிற்பதில்லை. நீர் ஒரே சீராகக் கிடைக்காதபோது சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேர்வதில்லை. அரை அடிப் பிஞ்சு, பூ ஒட்டியிருந்த முனையில் மெத்தென்றாகிப் பழுப்பேறி அழுகுகிறது. நுனி அழுகல் என்று இதைச் சொல்வார்கள். மருந்து தேடி அலைவதில் பயனில்லை, ஏனெனில் கோளாறு வாளியின் அளவில் இருக்கிறது.

பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, அந்நாட்டின் மிதமான கோடைக்கே, 45 சென்டிமீட்டராவது அகலமுள்ள தொட்டியில் ஒரு செடி என்று சொல்கிறது. நம் வெயிலுக்கு அதைக் குறைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

செடிப்பைகள் இங்கே 12க்கு 12, 15க்கு 15, 18க்கு 18 அங்குலம் என்ற அளவுகளிலும், 24 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட தட்டையான வடிவிலும் கிடைக்கின்றன. முழுக் கொள்ளளவைக் கணக்கிட்டால் முறையே சுமார் 22, 43, 75, 89 லிட்டர் வரும். 12 அங்குலப் பை பெயிண்ட் வாளிக்குச் சமம்; கீரைக்கும் கத்தரிக்கும் வைத்துக்கொள்ளலாம். 15 அங்குலத்தில் சுக்கினி வளரும், நாள்தோறும் தவறாமல் நீர் ஊற்றுகிறவருக்குக் காயும் தரும். ஆனால் ஒரு நாள் வெளியூர் போவதற்கு இடம் தராது. 18 அங்குலப் பையில் பாதுகாப்பாக இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். 24 அங்குலத் தட்டைப் பையைக் குறை சொல்வதற்கில்லை. சுக்கினியின் வேர் ஆழத்தைவிட அகலத்தில் பரவுவதால் அந்த வடிவம் அதற்குப் பிடித்தமானதே. மேற்பரப்பு அதிகம் என்பதால் நீர் ஆவியாவதும் அதிகம். காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு என ஏதேனும் மூடாக்கு கட்டாயம். இடம் இருக்கிறதே என்று அதில் இரண்டு செடி நடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சில விற்பனையாளர்கள் பையை மடித்துத் தட்டையாக வைத்த அகலத்தையே அளவாக எழுதுகிறார்கள். அப்படி எழுதிய 18 அங்குலப் பையின் சுற்றளவு 36 அங்குலம்தான். நிரப்பி நிறுத்தினால் விட்டம் பதினொன்றரை அங்குலமாகச் சுருங்கிவிடும். அது பெயரில் மட்டுமே 18. அடியில் வட்டத்துணி வைத்துத் தைத்த பையில் இந்தக் குழப்பம் வருவதில்லை. மற்றதில் விட்டம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவது நல்லது.

மற்ற வழிகளையும் பார்த்துவிடலாம். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் 100 லிட்டர்த் தொட்டி, செடியின் கண்ணோட்டத்தில் எல்லாவற்றையும்விட மேலானது. பல ஆண்டு உழைக்கும். நிரப்பிய பின் அதை அசைக்க இரண்டு பேர் போதாது என்பதே சிக்கல். எந்த வேதிப்பொருள் வைத்திருந்த டிரம் என்று தெரியாமல் வாங்கவும் கூடாது. சுட்ட மண் தொட்டி வேருக்குக் குளிர்ச்சி தருவது உண்மை. பக்கவாட்டில் நீரைக் கசியவிட்டு ஆவியாக்குவதால்தான் அந்தக் குளிர்ச்சி, எனவே நீர்த்தேவை இன்னும் கூடும். ஒன்றரை அடி அகல மண் தொட்டி விலையிலும் எடையிலும் புதியவருக்கு ஏற்றதன்று. பழக்கடையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி வெப்பத்தை உள்ளே விடாது, செலவும் இல்லை. ஆனால் வெயிலில் ஒரு பருவத்துக்குள் பொரிந்து உதிரத் தொடங்கும், அந்த வெள்ளை மணிகள் மாடியெங்கும் பறக்கும், மண்ணிலும் கலக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எடை பற்றி யோசிக்காமல் மொட்டைமாடியில் எதையும் வைக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. 18 அங்குலப் பையில் 60 லிட்டர் செம்மண் கலவையை நிரப்பி நனைத்தால் எடை 90 கிலோவைத் தொடும். நார்க்கழிவு மிகுந்த கலவையில் அது 50 கிலோ அளவில் நின்றுவிடும். சதுர மீட்டருக்கு ஒரு செடி என்ற இடைவெளியைச் சுக்கினியே கேட்கிறது என்பதால் புதிய கட்டடத்தில் கவலை குறைவு. பழைய கட்டடமாயின் சுவரையும் உத்தரத்தையும் ஒட்டிய ஓரங்களில் வரிசையாக வைத்து, நடுத்தளத்தைக் காலியாக விடுவதே முறை. செங்கல்லின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வைத்தால் அடியில் காற்றோடும், தளத்தில் ஈரம் தங்காது; கீழ்வீட்டாரோடு உறவும் கெடாது.

என் தேர்வு: தைத்த அடிப்பகுதியுள்ள 18 அங்குல எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பிளாஸ்டிக்) பை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு செடி. ஏன் இரண்டு என்பது மகரந்தச் சேர்க்கையைப் பேசும்போது விளங்கும்.

கலவை

செம்மண், மணல், எரு என்பது பழைய முறை. நார்க்கழிவும் எருவும் மட்டும் என்பது மாடித்தோட்டம் பரவிய பிறகு வந்த முறை. தமிழகத் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளைகளிலும் (கிட்) பையோடு நார்க்கழிவுக் கட்டிதான் வருகிறது. மண் கலவை சத்தைப் பிடித்து வைக்கும், செடியை அசையாமல் நிறுத்தும். எடை கூடும், நாளடைவில் இறுகும், வேரைத் தாக்கும் நூற்புழு வந்து சேரவும் வாய்ப்புண்டு. நார்க்கழிவு லேசானது, நீரை நன்றாகத் தாங்கும். தன்னளவில் சத்து மிகக் குறைவு, காற்றில் செடி ஆடும். இரண்டும் தனித்தனியே நிறைவு தராததால் செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்குச் சேர்ப்பதே நடுவழி. கூரையின் வலிமை பற்றி ஐயமிருந்தால் செம்மண்ணைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தை நார்க்கழிவுக்குக் கொடுக்கலாம்.

ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் வரும். இரண்டு பைக்கும் அது போதும். கட்டியை ஊறவைத்த முதல் நீர் தேநீர் நிறத்தில் இறங்கும், அதில் உப்பு இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை நீர் விட்டுப் பிழிந்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும்; கழுவாத நார்க்கழிவில் இலையின் ஓரம் கருகுவதோடு, சுண்ணாம்புச் சத்தும் செடிக்குக் கிடைக்காமல் தடைபடும். சென்னையில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புத்தான். இவ்விஷயத்தில் சுக்கினி நமக்குத் துணை நிற்கிறது: உப்பைத் தாங்கும் திறனில் அது தக்காளியையும் வெள்ளரியையும் விஞ்சியது, பீன்ஸை எங்கோ பின்னால் விட்டுவிடும்.

விதை

கடையில் எதிர்ப்படும் விதைகள் மூவகை. பிளாக் பியூட்டி போன்ற, மகரந்தச் சேர்க்கை கட்டுப்படுத்தப்படாத பழைய வகைகள் முதலாவது. விலை குறைவு, பொட்டலத்தில் விதை அதிகம். செடி சற்றுப் பெரிதாக விரியும், நோய் தாங்கும் திறன் சுமார். இரண்டாவது எஃப்1 கலப்பினங்கள், அதாவது இரு வேறு தாய் தந்தை வகைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதைகள். விதையை எண்ணிக் கொடுப்பார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும், ஆனால் செடி அடக்கமாகவும் காய் சீராகவும் வரும், சாம்பல் நோயையும் தேமலையும் ஓரளவு தாங்கும் வகைகள் இவற்றுள் உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா அலங்கார் இந்த இனத்தில் நம் நாட்டிலேயே உருவான கலப்பினம். மூன்றாவது, மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும் வகைகள்; பார்த்தெனான் அவற்றுள் பெயர் பெற்றது. மூடிய பால்கனிக்கும் தேனீ எட்டிப் பார்க்காத உயரத்து மாடிக்கும் இது ஏற்றது என்றாலும் இங்கே தேடித்தான் வாங்க வேண்டும்.

இரண்டு பை மட்டும் வைக்கப்போகிறவருக்கு முப்பது விதை தேவைப்படாது. நான்கைந்து எஃப்1 விதைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, மண்ணுக்கும் பைக்கும் செய்த செலவோடு ஒப்பிட்டால் சிறிது. ஆகவே கலப்பினமே என் பரிந்துரை, அதிலும் முடிந்தால் மஞ்சள் காய் வகை. பச்சை இலைக்குள் பச்சைக் காய் கண்ணில் படாமல் இரண்டே நாளில் முழங்கை நீளத்துக்குப் போய்விடும், மஞ்சள் தப்பாது. பொட்டலத்தில் புதர் வகை என்ற குறிப்பு இருக்கிறதா, முளைப்புத்திறன் எவ்வளவு, எந்த நாள்வரை செல்லும் என்பவற்றை வாங்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலப்பினக் காயிலிருந்து விதை எடுத்து மறுபருவம் போடுவது இந்தப் பயிரில் வேண்டாத வேலை. தாய்ச்செடியின் குணம் வராது என்பது ஒரு காரணம். அலங்காரப் பூசணியோடு கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக் காயில் கசப்பேறக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். குக்குர்பிட்டாசின் என்னும் அந்தக் கசப்பு நஞ்சு; கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்பு நேர்ந்ததும், 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியால் ஒருவர் இறந்ததும் செய்திகளில் வந்தவை. நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மகரந்தம்: தேனீயா, கையா?

சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண். இதழ்களுக்குக் கீழே விரல் அளவுப் பிஞ்சோடு வருவது பெண். முதல் வாரத்தில் பெரும்பாலும் ஆண் பூக்களே வந்து உதிரும், அது இயல்பு. அந்தப் பூக்கள் வீணல்ல, கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம்.

தேனீக்கள் வரும் மாடியில் இந்தப் பொறுப்பை அவற்றிடமே விட்டுவிடலாம். நான்காம் ஐந்தாம் தளத்திலும் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் வருவதுண்டு; பக்கத்தில் துளசியும் துத்தியும் பூத்திருந்தால் வருகை கூடும். ஆனால் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும் ஒன்பது பத்து மணிக்கெல்லாம் சுருங்கிவிடும் என்பதால் தேனீக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கையால் செய்வது இரண்டு நிமிட வேலை. ஆறரை, ஏழு மணிக்கு ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, மஞ்சள் இதழ்களைச் சுற்றிலும் உரித்துவிட்டால் நடுவில் தூள் படிந்த தண்டு மட்டும் நிற்கும். விரலில் தொட்டால் பொடி ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் முனையில் சூம்பிப் போகும். ஒரு செடியில் பெண் பூ விரியும் நாளில் அதே செடியில் ஆண் பூ இல்லாமல் போவது அடிக்கடி நேரும். இரண்டாவது செடி கைகொடுப்பது அப்போதுதான். இரண்டு பை வைக்கச் சொன்னதற்குக் காரணம் இது.

எந்த வழியைத் தேர்கிறோம் என்பது பூச்சித் தடுப்பையும் தீர்மானிக்கிறது. செடியைப் பூச்சிவலையால் மூடிவிட்டால் சிவப்பு நிறப் பூசணி வண்டும் பழ ஈயும் வெள்ளை ஈயும் அண்டாது, தேனீயும் அண்டாது. தினமும் காலையில் மாடிக்கு வர முடிகிறவருக்கு வலையும் கைமகரந்தமும் சேர்ந்த வழி உறுதியானது. முடியாதவர் வலையைப் பூக்கும் வரை மட்டும் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். லிட்டர் நீருக்கு மூன்று முதல் ஐந்து மில்லி எண்ணெயும், கரைவதற்குச் சில துளி சோப்புநீரும் போதும். பழ ஈக்கு வயல்களில் வைக்கும் கருவாட்டுப் பொறி நன்றாக வேலை செய்யும் என்றாலும், அடுக்குமாடியில் பூனைகளையும் அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பையும் அது சேர்த்தே வரவழைக்கும். கியூலூர் என்னும் கவர்ச்சிப் பொறி அங்கே மேல்.

இலையில் நரம்போரமாக வெள்ளித் திட்டுகள் தெரிந்தால் உடனே அஞ்ச வேண்டாம். பல வகைகளுக்கு அது பிறவிக் கோலம். விரலால் தேய்த்தால் மாவுபோல் வருவதுதான் சாம்பல் நோய். அது முதலில் பழைய இலைகளில் தோன்றும், அவற்றை அடியோடு கத்தரித்துக் காற்றோட்டம் தந்தாலே பாதி வேகம் குறையும். கந்தகத் தூளைப் பரிந்துரைப்பார்கள்; வெயில் காலத்தில் பூசணிக் குடும்பத்தின் இலையை அது சுட்டுவிடும்.

உரமும் நீரும்

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பூக்கத் தொடங்கியதும் பதினைந்து நாளுக்கொரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டு, இடையில் மூன்று சதவீதப் பஞ்சகவ்யம் தெளித்தால் செடி நன்றாகவே காய்க்கும். நார்க்கழிவு மிகுந்த கலவை வைத்தவர் மட்டும் நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு மூன்று கிராம் வீதம் வாரம் ஒரு முறை கொடுப்பது நல்லது, ஏனெனில் அந்தக் கலவையில் சத்து தங்குவதில்லை. நீரைக் காலையில், வேர்ப்பகுதியில், அடித்துளை வழியே கசியும் வரை ஊற்ற வேண்டும். இரண்டு பைக்குச் சொட்டுநீர்க் குழாய் ஆடம்பரம். அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு மட்டும் அது தேவை. நண்பகலில் இலை துவண்டிருந்தாலும் மாலையில் தானே நிமிர்ந்துவிட்டால் நீர்க்குறை இல்லை. மாலையிலும் துவண்டே நின்றால்தான் மண்ணில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

காயை 15 முதல் 20 சென்டிமீட்டரில் பறித்துவிடுவது மேல். ஒரு காயை முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்த செடியில் வாரத்துக்கு இரண்டு மூன்று என்று பறித்துக்கொண்டே இருந்தால் தொடர்ந்து வரும். இழுத்துப் பிய்க்காமல் கத்தியால் காம்போடு அறுத்தெடுக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் ஆண் பூக்கள் பெருகிப் பிஞ்சுகள் உதிரத் தொடங்கும். அப்போது ஐம்பது சதவீத நிழல்வலை கட்டி இழுத்துப் பார்க்கலாம். சில காய்கள் கூடுதலாகக் கிடைக்கும், நீர்ச்செலவும் கூடும். அதைவிடச் செடியைப் பிடுங்கி, நோயில்லாத தண்டு இலைகளை மட்டும் மக்கவிட்டு, அதே பையில் ஒரு கூடை எருச் சேர்த்து வெண்டையோ தண்டுக்கீரையோ போடுவது லாபம். அந்த மண்ணில் உடனே வெள்ளரி, பீர்க்கு, பரங்கி எதையும் விதைக்கக் கூடாது; பல நோய்கள் குடும்பம் பார்த்தே தொடரும். கோடை முழுவதும் வேறு பயிர் கண்ட பையை மழைக்குப் பின் கிளறி, புதிய எருவிட்டு வைத்தால் அடுத்த மார்கழி விதைப்புக்கு அது அணியமாக இருக்கும்.